புத்தர் கிண்ணத்துச் சோறு

லிஃப்ட்காரருக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் எந்த லிஃப்டும் அறுந்து விழாது. இன்னொன்று, சாமிக்குப் படைத்ததை ஒரு பருக்கைகூட வீணாக்கக் கூடாது. முதல் நம்பிக்கை அவருக்குச் சோறு போட்டது. இரண்டாவது அவர் மானத்தைக் கப்பலேற்றியது. கப்பலேறிய கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஆள் நல்ல பருமன். லிஃப்ட் கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் இந்த உடம்பு எப்படி நுழைகிறது என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஆச்சரியம். எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை, இடுப்பில் ஸ்பேனர், சட்டைப் பையில் ஒரு சின்னப் பிள்ளையார் படம். கூண்டின் மேல் ஏறுவதற்கு முன் படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்புறம் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார். பார்த்ததை மறுபடியும் ஒரு தடவை பார்ப்பார்.

“பிள்ளையார் பாத்துக்குவாருன்னா சுவிட்சை எதுக்குங்க இத்தனை தடவை பாக்கறீங்க?” என்று ஒரு கட்டடத்துக் காவலாளி கேட்டிருக்கிறார்.

“அவருக்கு ஆயிரம் வேலை. நம்மால ஆனதை நாமதான் பாக்கணும்” என்றார் லிஃப்ட்காரர்.

வீட்டில் பிள்ளையார் மட்டும் இல்லை. சமையலறைக்கு வெளியே உள்ள மரத்தட்டில் சாமிப் படங்கள் காலை நேரத்துப் பஸ் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எல்லாம் அவருடைய முதல் மனைவி சேர்த்தவை. அந்த அம்மா சாமிகளோடு நேருக்கு நேர் சண்டை போடுகிற ரகம். கேட்டது நடக்காவிட்டால் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். நடந்ததும் நேராக்கி, ஒரு பூவும் கூடுதலாக வைப்பார். நோய் வந்து படுத்தபோது மட்டும் எந்தப் படத்தையும் திருப்பவில்லை. அதுதான் லிஃப்ட்காரருக்கு இன்றைக்கும் தாங்காது.

அந்த அம்மா போன பிறகு ஒவ்வொரு வருஷமும் திதியன்று லிஃப்ட்காரர் ஜன்னல் திண்டில் சோறு வைப்பார். செத்தவர்கள் காகமாக வந்து சாப்பிட்டால் மனக்குறை இல்லை என்று அர்த்தம், வராவிட்டால் ஏதோ வருத்தம் என்று அர்த்தம். வைத்த கையை எடுப்பதற்குள் காகம் வந்துவிடும். “உயிரோட இருந்தப்பவும் அவ பசி தாங்க மாட்டா” என்று மகளிடம் சொல்லி, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்.

இப்படி இருந்தவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதற்குக் காரணம் ஒரு ரிலே. மின்சார ரிலே ஒன்று கருகி, ஒரு வணிக வளாகத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்தாறு பேர். லிஃப்ட்காரர் மேலிருந்து கம்பி வழியாக இறங்கும்போதே சத்தம் காதைப் பிளந்தது. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைப் பிரித்துத் திறந்தால், நடுவில் ஒரு அம்மாள் மட்டும் தரையில் சம்மணமிட்டு, கண்ணை மூடி, மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டிருந்தார். மடியில் பாதி தைத்த ஜன்னல் திரை.

“பயமா இல்லீங்களா? ஒரு சாமியையும் கூப்பிடலையே?” என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

“வரவேண்டியது நீங்கதானே. நீங்க வர்ற வரைக்கும் மூச்சைப் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார் அந்த அம்மாள், கண்ணைத் திறந்து.

அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். லிஃப்ட் விழாது என்று அத்தனை வருஷம் சாதித்தவர், தானே விழுந்தார்.

அந்த அம்மாள் அந்த வளாகத்தில் திரைச்சீலை தைக்கிறவர். தையல்காரம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும். புத்த மதம். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது தாண்டிப்போனவர். அந்த வளாகத்து லிஃப்டுக்கு அதன்பிறகு அடிக்கடி ஏதாவது பழுது வந்தது. பழுது எங்கே என்று லிஃப்ட்காரரின் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். “தனியா மெஸ் சாப்பாடு சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்காதீங்கப்பா, கட்டிக்குங்க” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். ஆனால் கல்யாணமாகி மாதக்கணக்கான பிறகும் தையல்காரம்மாவை அவள் எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. “இங்க பாருங்க”, “கேட்டீங்களா” என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள். வாய் வரைக்கும் ஏதோ வந்து உள்ளே போவது எல்லாருக்கும் தெரியும்.

தையல்காரம்மா கொண்டுவந்த சீர் ஒரு தையல் மிஷின், ஒரு பித்தளைக் கிண்ணம், ஒரு புத்தர் சிலை. லிஃப்ட்காரர் படங்களை நெருக்கி வைத்து நடுவில் இடம் செய்தார். அந்த நெரிசலில் புத்தர் ஒருவருக்குத்தான் உட்கார இடம் கிடைத்தது.

“இவர்கிட்ட என்ன கேட்டா கிடைக்கும்?” என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

“ஒண்ணும் கேக்க முடியாதுங்க. அவரு வரம் கொடுக்கற சாமி இல்ல. வழி கண்டுபிடிச்ச மனுஷன். சொல்லிட்டுப் போயிட்டாரு, நடக்க வேண்டியது நாம.”

“எங்க கணக்குல அவரும் பெருமாளோட ஒரு அவதாரம்தான்.”

“எங்க கணக்குல அப்படி இல்ல” என்று சிரித்தார் தையல்காரம்மா.

“சரி, எந்தக் கணக்கா இருந்தா என்ன, இப்ப நம்ம வீட்டு ஆளு” என்று முடித்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் தீப்பெட்டி ஒன்று, ஊதுவத்தி ஒன்று. படைப்பதற்கு முன்னால் உப்புக்கூட ருசி பார்க்கக் கூடாது என்பதில் இரண்டு கட்சியும் ஒரே கட்சி. அதனால் அந்த வீட்டுச் சமையலில் உப்பு என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். வித்தியாசம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பூ வாடினால் லிஃப்ட்காரருக்குக் கை பரபரக்கும். உடனே எடுத்தாக வேண்டும். தையல்காரம்மாவோ சாயங்காலம் வரை எடுக்க விடமாட்டார்.

“வாடறதைப் பாக்கறதுக்குத்தான் வெச்சதே. நம்ம உடம்பும் இப்படித்தான்னு நெனப்பு வரணும்.”

“விடிஞ்சதும் விடியாததுமா சாவு நெனப்பு எதுக்கும்மா?” என்று முணுமுணுப்பார் இவர்.

வினை வந்தது சோற்றில். கல்யாணமான மறுநாளே தையல்காரம்மா புத்தருக்குக் கிண்ணத்தில் படைத்த சோற்றைக் கொண்டுபோய் ஜன்னல் திண்டில் கொட்டினார். கையோடு பிள்ளையாருக்குப் படைத்ததையும் எடுத்துக் கொட்டினார். காகங்கள் கூடிவிட்டன. லிஃப்ட்காரர் துண்டோடு ஓடிவந்தார்.

“பிரசாதத்தைப் போயி காக்காய்க்குப் போடுவாங்களா?”

“சாமிக்குக் கொடுத்ததை நாம திரும்பி எடுத்துக்கறதாங்க? கொடுத்தது கொடுத்ததுதானே. எங்க வீட்டுல பறவைக்குத்தான் போடுவோம்.”

“சாமி பாத்துட்டுத் திருப்பிக் கொடுக்குது. வேண்டாம்னா சாமிக்கே மொகத்துல அடிச்ச மாதிரி இல்ல?”

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. பிள்ளையார் சோறு வயிற்றுக்கு, புத்தர் சோறு பறவைக்கு. ஆளுக்கொரு நியாயம், வீடு ஒன்றுதான், இதில் என்ன சண்டை.

தையல்காரம்மா காலையில் சீக்கிரம் வேலைக்குப் போகிறவர். லிஃப்ட்காரர் கொஞ்சம் பொறுத்துத்தான் கிளம்புவார். அதனால் கிண்ணத்தை ஜன்னலில் கவிழ்க்கும் வேலை கொஞ்ச நாளில் அவர் தலையில் விழுந்தது. முதல் நாள் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். ஜன்னல் வரை போனார். நெய் மணத்தது. அவதாரம் சாப்பிட்ட மிச்சத்தைக் காக்காய்க்குப் போடுவதா என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணை மூடி, கும்பிட்டு, வாயில் போட்டுக்கொண்டார். பக்திதான். ஆனால் இரண்டாம் நாள் பக்தியோடு கொஞ்சம் ருசியும் சேர்ந்தது. மூன்றாம் நாளிலிருந்து எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். அவர் கையை ஓங்கி “சூ” என்பார். பிறகு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் “கிண்ணத்துச் சோறு போட்டாச்சா?” என்று தையல்காரம்மா கேட்டால், “ஆச்சு” என்பார். எங்கே போட்டது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. “கல்யாணக் களை” என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தையல்காரம்மாவே சோறு வைப்பார். எந்தப் பறவையும் எட்டிப் பார்க்காது. “காக்காய்க்கும் ஞாயித்துக்கிழமை லீவு போல” என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். லிஃப்ட்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்.

திதி நெருங்க நெருங்க அவர் கொஞ்சம் வாடிப்போனார். கல்யாணத்துக்குப் பிறகு வருகிற முதல் திதி. அவள் வருவாளா, முகத்தைத் திருப்பிக்கொள்வாளா? ஒரு சாயங்காலம் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைத்துக் கேட்டார்.

“செத்தவங்க எங்க போறாங்கன்னு உங்க பக்கம் சொல்றாங்க?”

“உங்க பக்கம் என்ன சொல்றாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.”

“லிஃப்ட்ல ஏறுற ஆளு மாதிரிதான். ஒரு மாடியில எறங்கி இன்னொரு மாடிக்குப் போவான். சட்டை மாறும், ஆளு அதே ஆளு. செஞ்ச வினைக்குத் தக்கபடி மேலயோ கீழயோ. கடைசியில மொட்டை மாடிக்குப் போயி சாமியோட சேந்துட்டா, அப்புறம் லிஃப்டே வேணாம்.”

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார். “வினை எங்களுக்கும் உண்டு, மறுபிறப்பும் உண்டு. ஆனா உள்ள நீங்க சொல்ற அந்த ஆளு கிடையாது.”

“ஆளில்லாம யாரு போறது?”

“கீழ பட்டன் அமுக்கினா மேல விளக்கு எரியுதுல்ல. கீழ இருந்து விளக்கு ஏறியா போகுது?”

லிஃப்ட்காரர் யோசித்தார். அவர் தொழிலிலேயே அவரை மடக்குகிறாள். “ஒயர் போகுதே” என்றார்.

“அந்த ஒயருதான் வினை. இங்க செஞ்சது அங்க எரியும். தூக்கிக்கிட்டுப் போறதுக்கு ஒருத்தன் வேணாம்.”

“அப்ப மொட்டை மாடி?”

“பட்டன் அமுக்கற ஆசையே அத்துப் போறதுதான் எங்க மொட்டை மாடி.”

வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனசில் முள் தைத்தது. “ஆளே இல்லைன்னா, திதி அன்னிக்கு நான் யாருக்கும்மா சோறு வெக்கிறேன்?” என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

தையல்காரம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “ஆத்மா உண்டா இல்லையான்னு கேட்டப்ப புத்தரே பதில் சொல்லாம இருந்துட்டாராம். நான் எம்மாத்திரம். துக்கம் உண்டுன்னு மட்டும் சொல்லியிருக்காரு. நீங்க எப்பவும் போல வைங்க” என்று சொல்லி மிஷினை மிதித்தார்.

திதியன்று காலையிலேயே மகள் வந்துவிட்டாள். தையல்காரம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் மனைவிக்குப் பிடித்ததையெல்லாம் மகளிடம் கேட்டுக் கேட்டுச் சமைத்துக் கொடுத்துவிட்டு, அடுப்படியிலேயே ஒதுங்கிக்கொண்டார். லிஃப்ட்காரர் குளித்து, திருநீறு பூசி, இலையில் சோற்றை எடுத்துப்போய்த் திண்டில் வைத்தார். “கா, கா” என்று கூப்பிட்டார்.

காகம் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார். எதிர்க் கட்டடத்துக் கைப்பிடிச் சுவரில் காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. மகளும் கூப்பிட்டுப் பார்த்தாள். சோறு ஆறிப்போயிற்று.

“எல்லா வருஷமும் உடனே வருவாங்களேப்பா” என்றாள் மகள். கண் நிறைந்துவிட்டது. “அம்மாவுக்கு மனசில்ல. நான்தான் உங்களைக் கட்டிக்கச் சொன்னேன். அவங்களுக்குப் பிடிக்கல போல.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். தையல்காரம்மா வாசற்படியில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. “நான் வேணும்னா கொஞ்ச நேரம் கீழ போயி இருக்கட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டார். “எனக்கு ஒண்ணுதாங்க புரியல. நான் வெக்கிற ஞாயித்துக்கிழமையிலதான் வர்றதில்ல. மத்த நாள் நீங்க வெக்கறப்ப தினமும் தின்னுட்டுத்தானே போகுது?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையைச் சாய்த்துப் பார்த்த அந்தக் காகம் கண்முன் வந்தது. அதன் முன்னாலேயே நின்று, அதன் சோற்றை வழித்துத் தின்று, அதையே விரட்டியும் இருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயர் கெடாது. பழி அந்த அம்மாள் தலையில் விழும், அதைக் கேட்டுக்கொண்டு அவர் படியிறங்கிப் போவார், மகளும் இனி ஜன்மத்துக்கும் முறை சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. சொன்னால் இந்தத் தொப்பைதான் சாட்சி. லிஃப்ட்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அம்மா கோவிச்சுக்கலம்மா. காக்காய்தான் கோவிச்சுக்கிச்சு. அதோட சோத்தை இத்தனை நாளா நான்தான் தின்னுக்கிட்டிருந்தேன்.”

மகளும் தையல்காரம்மாவும் அவர் தொப்பையைப் பார்த்தார்கள்.

“பிரசாதம்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன்” என்றார். “அப்புறம் நல்லா இருந்துச்சு.”

தையல்காரம்மா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “தினமும் காலையில நான் பாலி மொழியில பஞ்சசீலம் சொல்றப்ப பக்கத்துல உக்காந்து தலையாட்டுவீங்களே. அதுல ரெண்டாவது என்னன்னு தெரியுமா?”

“ஸ்லோகம்தானே?”

“கொடுக்காததை எடுக்க மாட்டேன். நாலாவது, பொய் சொல்ல மாட்டேன்.”

“மூணாவது?” என்று பயந்துகொண்டே கேட்டார்.

“அது ஒண்ணைத்தான் காப்பாத்தி வெச்சிருக்கீங்க. பொண்ணு முன்னால விளக்கம் கேக்காதீங்க.”

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். தையல்காரம்மா சிரிக்கவில்லை. கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இது வெறும் காக்காய்ச் சோறு இல்லைங்க. எங்க பக்கம், கொடுத்தா வர்ற புண்ணியத்தைப் போனவங்களுக்குப் பங்கு வெப்போம். இந்தக் கிண்ணத்துப் புண்ணியத்தை எங்க அப்பாவுக்கும் அக்காவுக்கும்னு சொல்லித்தான் தினமும் படைச்சேன்.”

“எந்த அக்காவுக்கு?” என்றாள் மகள்.

“எனக்கு வேற எந்த அக்கா? உங்க அம்மாவுக்குத்தான்.”

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். பூமி பிளந்து வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. நடுவில் நிற்கிற லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

தையல்காரம்மா எழுந்தார். கிண்ணத்தில் சுடச்சுடச் சோறு போட்டு, நெய் விட்டு, புத்தர் முன்னால் வைத்துக் கும்பிட்டு எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். ஆறிப்போன இலைச் சோற்றின் பக்கத்திலேயே கிண்ணத்தைக் கவிழ்த்தார். கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பை டங், டங் என்று தட்டினார். கல்யாணமான புதிதில் அப்படித்தான் தட்டுவார்.

“அக்கா, வாங்க, வந்து சாப்பிடுங்க. இவரு இனிமே உங்க பங்கைத் திங்க மாட்டாரு.”

“உள்ள ஆளே இல்லைன்னியே. யாரைக் கூப்பிடற?” என்று கேட்டார் லிஃப்ட்காரர், தழுதழுத்த குரலில்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். பசிக்கிறவங்க முதல்ல சாப்பிடட்டும்.”

எதிர்ச் சுவரிலிருந்து ஒரு காகம் கிளம்பியது. ஜன்னல் வரை வந்தது. லிஃப்ட்காரரைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விட்டது. தையல்காரம்மா மறுபடி தட்டினார். மறுபடி வந்தது, மறுபடி அவரைப் பார்த்தது, மறுபடி போயிற்று.

“நீங்க உள்ள போங்க” என்றார் தையல்காரம்மா.

“என் பொண்டாட்டி திதிக்கு நான் இல்லாம எப்படி?”

“போங்கப்பா” என்றாள் மகள்.

படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த பிள்ளையாரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழக்கதோஷம், கை அணைக்க வேண்டிய சுவிட்சைத் தேடியது. அங்கே அவர் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கண்ணை மூடி, தையல்காரம்மா செய்வதுபோல மூச்சைப் பார்க்க முயன்றார். மூச்சு நிற்காமல் தடதடத்தது. வெளியே டங், டங் என்று கிண்ணம். பிறகு அதுவும் நின்றது. இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது.

“வந்துருச்சுப்பா” என்றாள் மகள், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, ரகசியமாக.

“எதைத் தின்னுது? இலையா, கிண்ணமா?”

“ரெண்டையும்.”

லிஃப்ட்காரர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து தோள் குலுங்கியது. கொஞ்சம் பொறுத்து, ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எழுந்து கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்தார். அது கிறீச்சென்றது.

“சித்தி, அப்பாவை இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே வெச்சிருங்க” என்றாள் மகள்.

அவர் கையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் போய்க் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.